புதுப்பிப்பு: ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிரெட்சல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தவக்கால (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்) வகுப்புகளுக்காக, மன்னிப்பைப் பற்றிய பாடத்தோடு சேர்த்துப் பிரெட்சல் (முடிச்சுப் போலத் திரித்துச் சுடும் ரொட்டி) செய்முறை போட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கியமானவை இரண்டு: மாவு ஏன் சுருங்குகிறது, மன்னிப்புப் பாடத்தை எந்த இடத்தில் சொல்வது?

அளவு அதேதான். மைதா 250 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். எட்டு வரும். நம் ஊர் வெயிலில் அரை மணியிலேயே பொங்கிவிடும். ரொம்ப நேரம் விட்டால் புளிப்பேறும்.

திரிக்கும்போது சுருங்கினால் இழுக்காதீர்கள், அறுந்துவிடும். மூடிவைத்துப் பத்து நிமிடம் விட்டால் மாவின் இறுக்கம் தளரும். கைமுறுக்கு சுற்றத் தெரிந்த ஆச்சி ஒருவர் உடனிருந்தால் பாதி வேலை முடிந்தது!

அந்தப் பத்து நிமிடம்தான் மன்னிப்புப் பாடத்துக்கு. இயேசு கற்பித்த ஜெபத்தில் வரும் 'எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற வரியை மட்டும் எடுங்கள். யாரோடு சண்டை என்று எல்லார் முன்னும் கேட்கவேண்டாம். பிள்ளை மனதுக்குள் நினைத்தால் போதும். ஆளுக்கு இரண்டு செய்யட்டும், ஒன்று அந்த ஆளுக்கு. கொடுக்க மனமில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள்.

பிரெட்சலின் முடிச்சு, துறவிகள் கைகட்டி ஜெபித்த வடிவம் என்பது வழிவழிக் கதை. வரலாறாகச் சொல்லவேண்டாம்.

சுடுவதற்கு முன் பிரெட்சலை முக்கும் சோடா நீர் பெரியவர்கள் வேலை. கொதிக்கும் நீரில் லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கி வழியும். அலுமினியப் பாத்திரம் கறுத்துவிடும், எவர்சில்வர் எடுங்கள். அரை நிமிடம் முக்கி எடுத்து, அவனில் 220 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள்.