பாராமோட்டரில் தரையிறங்கிய அனுபவங்கள்: கடைசி இரண்டு மீட்டர்

வான்குருவி:
மகாராஷ்டிரத்துக் காம்ஷெட்டில் பாராமோட்டர் (முதுகில் எஞ்சினும் தலைக்கு மேல் துணி இறக்கையுமாகப் பறப்பது) பயிற்சி எடுத்தபோது பார்த்த ஒரு தரையிறக்கம் இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கு முன்னால் இறங்கிய மாணவர் எஞ்சினை உரிய உயரத்திலேயே நிறுத்திவிட்டார். இருக்கையிலிருந்து நழுவி, கால்களைத் தொங்கவிட்டு, நிற்கும் நிலைக்கும் வந்துவிட்டார். ஃபிளேரும் (இரண்டு பிரேக்குகளையும் இழுத்து வேகத்தைக் குறைப்பது) ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில், அவசரமில்லாமல்தான் தொடங்கியது. தரையைத் தொட்டு ஓடத் தொடங்கியவரின் வலது கால் ஒரு வரப்பில் தட்டியது. தடுமாறுகிற எவரும் செய்வதையே அவரும் செய்தார்: இடது கையைத் தரையை நோக்கி நீட்டினார். அந்தக் கையில்தான் இறக்கையின் அந்தப் பக்கப் பின்விளிம்பை இழுக்கும் பிரேக் பிடி இருக்கிறது. இறக்கையின் இடப்பக்கம் மட்டும் இழுபட, அது அவரை அப்படியே சுழற்றி, புரொப்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூண்டின் மேல் சாய்த்துவிட்டது. புரொப்பெல்லர் நின்றிருந்ததால் கூண்டு வளைந்ததோடு போயிற்று. “இரண்டு கைகளும் சேர்ந்தே இயங்க வேண்டும்” என்று பயிற்சியாளர் அன்று மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் யோசிப்பதற்கு முன்பே நீண்டுவிடும் கையை எப்படிப் பழக்குவது? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

மணற்காற்று:
தோழி, உங்கள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை; எஞ்சினை உயரத்திலேயே நிறுத்துவதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பறப்பது ராஸ் அல் கைமா பக்கத்துப் பாலைவனத்தில். அங்கே காலை வெயில் சாய்வாக விழும்போது மணலில் மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அப்படியொரு காலையில் தரைக்கு மிக அருகில் வந்துவிட்ட நேரத்தில், மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து நான்கு சக்கர மணல்வண்டி ஒன்று நேராக என் பாதையில் ஏறி வந்தது. ஓட்டியவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய சிவப்புத் தலைக்கவசம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எஞ்சின் ஐட்லிங்கில் (மிகக் குறைந்த வேகத்தில்) ஓடிக்கொண்டிருந்ததால் த்ராட்டிலை அழுத்தினேன், அவருக்கு மேலே ஏறிப் போனேன், ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கினேன். ஐம்பது மீட்டரிலேயே நிறுத்தியிருந்தால் எனக்கு என்ன வழி இருந்திருக்கும்? எல்லோருக்கும் ஒரே விதி என்று பயிற்சிப் பள்ளிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

கரிசல்காட்டான்:
மணற்காற்று ஐயா, உங்களுக்கு அன்று எஞ்சின் உதவியது உண்மைதான். அதைப் படித்துவிட்டுப் புதியவர்கள் எஞ்சினை ஓடவிட்டபடி தரையைத் தொடத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒருவர் மிக மென்மையாக இறங்கி, நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அதற்குள் இறக்கை அவருக்குப் பின்னால் சரிந்து, அதைத் தாங்கும் கயிறுகளான லைன்கள் சுழலும் புரொப்பெல்லருக்குள் போய்விட்டன. சத்தம் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. லைன்கள் அறுந்தன, புரொப்பெல்லர் உடைந்தது, உடைந்த துண்டு ஒன்று எங்கள் காலடியில் வந்து விழுந்தது.

எஞ்சின் இல்லாத பாராகிளைடிங்கிலிருந்து இதற்கு வருகிறவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதுகில் இருபதிலிருந்து முப்பது கிலோ இருக்கும்போது, பாராசூட் வீரரைப்போலப் பக்கவாட்டில் உருண்டு அடியைத் தாங்குவது நடைமுறையில் முடியாது. ஆகவே ஓடித்தான் வேகத்தைக் கரைக்க வேண்டும். எவ்வளவு ஓட வேண்டும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. இறக்கை மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்ளுங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் தரை உங்களை நோக்கி 23 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். அதே காற்றைத் தவறிப்போய் முதுகில் வாங்கினால் 53. அந்த வேகத்தில் யாராலும் ஓட முடியாது. காற்றே இல்லாத காலை அழகாக இருக்கும், ஆனால் இறங்குவதற்கு அதுவே கடினமான நேரம். இறக்கையின் வேகத்தை மாற்றும் ட்ரிம்மர்களை வேகநிலையில் விட்டுவிட்டு இறங்க வராதீர்கள். தரைக்கு அருகில் கூர்மையாகத் திரும்பாதீர்கள். உடல் பக்கவாட்டில் ஊசலாடிக்கொண்டிருக்கும்போதே தரை வந்துவிடும். ஃபிளேர் சீக்கிரம் தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் பதறிக் கைகளை மேலே விட்டுவிடக் கூடாது, இறக்கை முன்னால் பாய்ந்து உங்களைத் தரையில் அடிக்கும். பிடித்த இடத்திலேயே நிறுத்திவைத்து, கால் தொடும் நேரத்தில் மீதியை இழுங்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி இறங்குவது சுகம் என்று சொல்கிறவர்கள் முதுகெலும்பு முறிவைப் பார்த்ததில்லை. பார்வை அடிவானத்தில் இருக்கட்டும். கால்களுக்குக் கீழே பார்க்கிறவர் ஏறக்குறைய எப்போதும் முன்கூட்டியே இழுத்துவிடுகிறார்.

மணற்காற்று:
இறங்கிய பிறகும் எஞ்சினை ஓடவிடுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? பாதை தெளிவாக இருப்பது உறுதியானதும், தரையைத் தொடுவதற்கு முன்பே, நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுகிறேன். தவிர, கிளட்ச் உள்ள எஞ்சினில் ஐட்லிங்கின்போது புரொப்பெல்லருக்கு விசை போவதில்லை. கிளட்ச் உள்ளது, இல்லாதது என்ற இரண்டு வகைகளையும் ஒன்றாகக் கட்டி வாதிடுவது சரியல்ல.

நெய்தல்:
எஞ்சின் விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. எனக்குப் பாடம் சொன்னது காற்று. கிழக்குக் கடற்கரையில் சவுக்குத் தோப்புக்கு மேற்கே உள்ள தரிசு நிலத்திலிருந்து அதிகாலையில் கிளம்பினேன். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கடற்காற்று புகுந்துவிட்டதால், நான் திரும்பி வந்தபோது அதே நிலம் தோப்பின் மறைவுப் பக்கமாக மாறியிருந்தது. தோப்பைத் தாண்டி வருகிற காற்று கீழே புரண்டு குழம்புகிற இடம் அது. மரத்தின் உயரத்தைப்போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்தக் குழப்பம் நீளும். நிலத்தின் மேற்குக் கோடிவரை விலகித்தான் இறங்க வந்தேன். அப்படியும் மரங்களின் உச்சி மட்டத்துக்குக் கீழே வந்ததும் பிரேக்கில் இருந்த இறுக்கம் சட்டென்று காணாமல் போயிற்று. பறக்கும் இறக்கை கையில் கொடுக்கிற அந்த எடை ஒரு கணம் இல்லவே இல்லை. நூல் அறுந்துபோன பட்டத்தைப் பிடித்திருப்பதைப்போல இருந்தது. கைகளைச் சற்று உயர்த்தி, இறக்கை வேகம் பிடிக்கும்வரை விட்டு, பிறகு ஆழமாக ஃபிளேர் செய்தேன். முழங்கால் வலியோடு முடிந்தது. கடற்கரையில் இறங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காற்று அங்கே சீராகத்தான் இருந்தது, ஆனால் மணல் குறுகலாக இருந்தது. எஞ்சினை முதுகில் கட்டிக்கொண்டு அலைக்குள் விழுவதைவிட முழங்கால் வலி மேல் என்று நினைத்தேன், இப்போதும் அப்படியே நினைக்கிறேன்.

மேட்டுநிலம்:
வான்குருவி கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. எனக்குக் கற்றுத்தந்தவர், எஞ்சின் இல்லாமல் வெறும் ஹார்னெஸோடு (உடலில் கட்டும் இருக்கைப் பட்டைகள்) தரையில் இறக்கையைத் தூக்கி ஓடவைத்து, ஓட்டத்தின் நடுவே “விழு” என்று கத்துவார். நாங்கள் இரண்டு கைகளையும் இடுப்பை ஒட்டிக் கீழே அழுத்தியபடி முழங்கால் காப்புகளின் மேல் விழ வேண்டும். முழு பிரேக் பிடிக்கிறபோது கைகள் இருக்கும் இடமும் அதுதான் என்பதால், விழுவதும் ஃபிளேரை முடிப்பதும் உடலுக்கு ஒரே அசைவாகிவிடுகிறது. புல்தரையில், மிதமான காற்றில் செய்து பாருங்கள். முழங்கால் காப்பு கட்டாமல் செய்யாதீர்கள்.