நானோ கார் மலைநாட்டுக்குச் சரிவருமா?

கேள்வி: பழைய டாடா நானோ ஒன்று விலைக்கு வருது. ஹட்டன் – நுவரெலியா ஓட வாங்கலாமா? நல்ல யோசனையான கார் ஏன் விற்காமல் போச்சு?

பதில் 1: 624 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 35 குதிரைசக்தி. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஏற்றத்தில் பின்சக்கரம் நல்லா பிடிக்கும். ஆனால் நாலு பேர் ஏறினா வளைவுகளில் முதல் கியர்தான். இறக்கம்தான் பயம். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் (மூடிய உருளைக்குள் உராய்ந்து நிறுத்தும் வகை). நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதிச்சபடியே இறங்கினா சூடேறிப் பிடிக்காது. இரண்டாம் கியரில் போட்டு இறங்கி, பிரேக்கை இடையிடையே மட்டும் மிதிங்க. வாங்கும் முன் டிரம்மைக் கழற்றி லைனிங் (உராயும் பட்டை) தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க.

பதில் 2: சக்கரத்துக்கு மூன்றே நட், வேற ரிம் பொருந்தாது. 2015க்கு முந்தியதில் பின்பக்கச் சாமான் கதவே திறக்காது, சாமானை உள்ளிருந்துதான் வைக்கணும்.

பதில் 3: தொழிற்சாலை மேற்கு வங்காளத்துச் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சாணந்துக்கு மாறியதில் தாமதம், சில கார்கள் தீப்பிடித்த செய்தி. எல்லாத்துக்கும் மேல 'மலிவு கார்' என்ற பட்டம். அதை யார் வாசலில் நிறுத்துவாங்க? 2018இல் உற்பத்தி ஓய்ந்தது. உதிரிப்பாகம் எங்க கிடைக்கும்னு முதலில் விசாரிங்க.