சூடான் போர்: இரண்டு ஜெனரல்களின் அதிகாரப் போட்டி என்று சொன்னால் போதுமா?

வைப்பாறு:

வணக்கம் நண்பர்களே. சூடான் செய்திகளைக் கொஞ்ச நாளாக விடாமல் படித்து வருகிறேன். 2023 ஏப்ரலில் ‘ஆபரேஷன் காவேரி’ என்று பெயர் வைத்து அங்கிருந்த இந்தியர்களைப் போர்ட் சூடான் வழியாக ஜெத்தாவுக்கு அழைத்து வந்தபோது நம் சேனல்களில் ஓடியது, அதோடு சரி. அப்புறம் 2025 அக்டோபர் கடைசியில் அல்-ஃபாஷிர் நகரம் விழுந்தபோதுதான் மறுபடி அந்த நாட்டின் பெயர் கண்ணில் பட்டது. ஒரு மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் கூட இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

எங்கே படித்தாலும் ஒரே வரிதான் இருக்கிறது: ராணுவத் தளபதி புர்ஹானுக்கும் ஆர்.எஸ்.எஃப் என்ற துணை ராணுவத்தின் தலைவர் ஹெமெத்திக்கும் இடையே அதிகாரப் போட்டி. சரி, பதவிக்காக இரண்டு பேர் மோதினால் தலைநகரில் சண்டை நடக்கும், அது புரிகிறது. நாட்டின் மேற்குக் கோடியில், அல்-ஃபாஷிர் இருக்கும் டார்ஃபூரில் ஆர்.எஸ்.எஃப் ஒரு குறிப்பிட்ட இனத்தாரை வீடு வீடாகத் தேடிக் கொல்வது எதற்கு? அதைவிட அடிப்படையாக, ஒரு நாட்டில் இரண்டு ராணுவம் எப்படி வந்தது? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லுங்கள்.

கடலோடி:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இரண்டாவது ராணுவத்தை உருவாக்கியது முதல் ராணுவமேதான்.

சூடானை 1899 முதல் 1956 வரை பிரிட்டனும் எகிப்தும் சேர்ந்து ஆண்டன என்பது ஏட்டளவில், நடைமுறையில் பிரிட்டன்தான். அவர்கள் போட்ட முதலீடு பெரும்பாலும் நைல் கரையோரம் போனது. ரயில் பாதை, தலைநகர் கார்ட்டூமில் கல்லூரி, 1925-ல் சென்னார் அணையைக் கட்டி ஜெசீராவில் பருத்தி, எல்லாம் அங்கேதான். டார்ஃபூர் 1916 வரை தனி சுல்தானகம். அலி தினார் என்ற கடைசி சுல்தானைக் கொன்றுவிட்டு அதை சூடானோடு சேர்த்தார்கள், சேர்த்த பிறகு அங்கே பெரிதாக எதுவும் கட்டவில்லை. சுதந்திரம் வந்தபோது படித்தவர்கள், வியாபாரிகள், ராணுவ அதிகாரிகள் என்று ஆட்சிக்குத் தயாராக இருந்தவர்கள் எல்லாம் நைல் கரைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு ஜனநாயகம், ராணுவ ஆட்சி, மறுபடி ஜனநாயகம், மறுபடி ராணுவம் என்று எது மாறினாலும் கார்ட்டூமில் உட்கார்ந்து தூரத்து மாகாணங்களை ஆளும் முறை மட்டும் மாறவில்லை.

தூரத்து மாகாணம் எதிர்த்தால் என்ன செய்வது? இங்கேதான் அந்த மோசமான பழக்கம் வருகிறது. 1983-ல் தெற்கில் இரண்டாவது உள்நாட்டுப் போர் வெடித்தபோது ராணுவத்தால் சமாளிக்க முடியவில்லை. மாடு மேய்க்கும் பக்காரா அரபு இளைஞர்களிடம் துப்பாக்கியைக் கொடுத்து தெற்கத்திய கிராமங்கள் மேல் ஏவிவிட்டார்கள். சம்பளம் கிடையாது, கொள்ளையடிப்பதே சம்பளம். இதைச் செய்தது சர்வாதிகாரிகள் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் 1986-ல் தேர்தலில் வென்று வந்த சாதிக் அல்-மஹ்தியின் அரசும் இதே வேலையைச் செய்தது. 1989-ல் உமர் அல்-பஷீர் ஆட்சியைப் பிடித்ததும் இதை அரசாங்கக் கொள்கையாகவே ஆக்கிவிட்டார்.

2003-ல் டார்ஃபூரில் கிளர்ச்சி. அந்த ஏப்ரலில் கிளர்ச்சியாளர்கள் இதே அல்-ஃபாஷிரின் விமான நிலையத்தைத் தாக்கி, நின்றுகொண்டிருந்த ராணுவ விமானங்களை எரித்தார்கள். பஷீருக்கு இரட்டைச் சிக்கல்: படைகள் தெற்கில் மாட்டிக்கொண்டிருந்தன, கூடவே ராணுவத்தின் சாதாரணச் சிப்பாய்களில் நிறையப் பேர் டார்ஃபூர்க்காரர்கள், சொந்த ஊரைச் சுடச் சொன்னால் சுடுவார்களா என்ற சந்தேகம். அதனால் ஒட்டகம் மேய்க்கும் அரபுக் குழுக்களிடம் ஆயுதம் போனது. அவர்கள்தான் ஜன்ஜவீத். மேலே விமானப்படை குண்டு போடும், கீழே இவர்கள் குதிரையிலும் ஒட்டகத்திலும் வந்து ஊரை எரிப்பார்கள். 3 லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது ஐ.நா. மதிப்பீடு. பஷீர் மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2009-ல் பிடியாணை போட்டது இதற்காகத்தான், அடுத்த ஆண்டு இனப்படுகொலைக் குற்றச்சாட்டையும் சேர்த்தார்கள். அவரை இன்றுவரை ஒப்படைக்கவில்லை.

அந்த ஜன்ஜவீதில் ஒருவர்தான் ஹெமெத்தி. 2013-ல் அந்தக் கூட்டத்துக்குச் சீருடை மாட்டி ஆர்.எஸ்.எஃப் என்று பெயர் வைத்தார்கள், 2017-ல் தனிச் சட்டமே இயற்றினார்கள். பஷீருக்குத் தன் ராணுவம் கவிழ்த்துவிடும் என்ற பயம், அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு படை வேண்டும் என்று ஹெமெத்தியை வளர்த்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது: 2019 ஏப்ரலில் மக்கள் கிளர்ந்தபோது ராணுவத்தோடு சேர்ந்து பஷீரைக் கைவிட்டவர் அவர்தான். 2021 அக்டோபரில் அவரும் புர்ஹானும் சேர்ந்தே சிவிலியன் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 2022 டிசம்பரில் சிவிலியன் ஆட்சிக்குத் திரும்ப ஓர் ஒப்பந்தம் வந்தது, ஆர்.எஸ்.எஃப்-ஐ ராணுவத்தோடு இணைக்க வேண்டும் என்று பேச்சு. ராணுவம் 2 வருடத்தில் முடிக்க வேண்டும் என்றது, ஹெமெத்தி 10 வருடம் கேட்டார். 2023 ஏப்ரல் 15-ல் சண்டை தொடங்கிவிட்டது.

ஆகவே அதிகாரப் போட்டி என்பது பொய்யில்லை. ஆனால் நாற்பது வருடமாக ஓரத்து மக்கள் மேல் ஏவிய முறை தலைநகருக்கே திரும்பி வந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் டார்ஃபூர் புரியவே புரியாது.

மேகமலை:

கடலோடி சொன்ன வரலாறு சரி, ஆனால் உள்நாட்டுக் கதையோடு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எத்தனையோ நாடுகளில் இப்படிப்பட்ட கூலிப்படைகள் உண்டு, அவை எல்லாம் ஒரு தேசிய ராணுவத்தை வருடக்கணக்கில் எதிர்த்து நிற்க முடிவதில்லை. இவர்களால் முடிகிறது என்றால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

2011-ல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெயில் முக்கால் பங்கு அதோடு போய்விட்டது. அடுத்த வருடமே வடக்கு டார்ஃபூரின் ஜெபல் ஆமிரில் தங்கம் கிடைத்தது. முதலில் அதைக் கையில் வைத்திருந்தவர் மூசா ஹிலால், பழைய ஜன்ஜவீத் தலைவர். 2017-ல் ஹெமெத்தி அவரைக் கைது செய்துவிட்டு சுரங்கத்தை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அரசாங்கம் கொடுக்கும் பட்ஜெட்டை நம்பி இருக்க வேண்டியதே இல்லை. யேமன் போருக்கு சவூதியும் அமீரகமும் காசு கொடுத்து சூடானியரை எடுத்தார்கள், அதிலும் ஆர்.எஸ்.எஃப் ஆட்கள் பெருமளவில் போனார்கள். பணம், அனுபவம், வளைகுடாத் தொடர்பு மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது அங்கேதான்.

இப்போதைய போரில் அமீரகம் சாட் நாட்டு விமான நிலையம் வழியாக ஆர்.எஸ்.எஃப்-க்கு ஆயுதம் அனுப்புகிறது என்ற புகார் நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் எழுதியது. அமீரகம் மறுக்கிறது. சூடான் அரசு சர்வதேச நீதிமன்றத்துக்கே போனது, 2025 மே மாதம் தங்களுக்கு அதிகார வரம்பு இல்லை என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அமீரகம் செய்ததா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே அவர்கள் போகவில்லை, அதை ‘குற்றமற்றவர்’ என்று சிலர் எழுதுவது தவறு. ராணுவத்தின் பக்கம் எகிப்து நிற்கிறது, ஈரான், துருக்கி ட்ரோன்கள் வருகின்றன. என்னை மிகவும் உறுத்துவது ஒன்று: ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகளில் தோண்டும் தங்கமும் பெரும்பாலும் துபாய்க்குத்தான் போகிறது. எதிரி என்று வழக்குப் போட்ட நாட்டின் சந்தையில் விற்ற காசில்தான் அவர்களும் போர் நடத்துகிறார்கள்.

வைப்பாறு:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். அல்-ஃபாஷிரில் ராணுவத்தோடு சேர்ந்து நின்று போராடியவர்கள் 2003-ல் அதே ராணுவத்தை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் என்று படித்தேன். அது எப்படி? அப்புறம் ‘அரபியர் – ஆப்பிரிக்கர்’ சண்டை என்று போடுகிறார்களே, எல்லோரும் முஸ்லிம்கள்தானே?

செம்மண்காடு:

ஆமாம், டார்ஃபூரில் கிட்டத்தட்ட எல்லோரும் முஸ்லிம்கள். நிறத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கவும் முடியாது, நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்தவர்கள். அங்கே பிரச்சினையின் வேர் நிலம்.

சுல்தான் காலத்திலிருந்தே ஒவ்வொரு இனத்துக்கும் இன்ன பகுதி என்று வழக்கம் உண்டு. ஃபூர், மசாலித், ஸகாவா மக்களுக்கு அப்படி நிலம் இருந்தது. தெற்கு டார்ஃபூரில் மாடு வளர்க்கும் அரபியருக்கும் இருந்தது. வடக்கில் ஒட்டகம் மேய்க்கும் அரபுக் குழுக்கள் பலவற்றுக்கு மட்டும் கிடையாது. மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் அறுவடை முடிந்த வயலில் மேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள், தகராறு வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். 1984–85 பஞ்சத்துக்குப் பிறகு அந்த ஏற்பாடு உடைந்தது. வயல்காரர் வேலி போட்டார், மேய்ப்பவர் மந்தையோடு தெற்கே இறங்கினார். அதே நேரத்தில் சாட் மேல் போர் நடத்திய லிபியாவின் கடாஃபியுடைய துப்பாக்கிகளும், அரபு மேலாதிக்கப் பேச்சும் டார்ஃபூருக்குள் வந்து இறங்கின. நிலமில்லாதவரிடம் அரசாங்கமே வந்து ‘இவர்களை விரட்டு, நிலம் உனக்கு’ என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003-ல் நடந்தது அதுதான்.

2023-ல் அல்-ஜெனீனா நகரத்தில் மசாலித் மக்களை ஆர்.எஸ்.எஃப் படுகொலை செய்ததும் இதன் தொடர்ச்சிதான். மேற்கு டார்ஃபூர் ஆளுநர் கமீஸ் அபகர், அவரும் மசாலித், ஜூன் 14-ந் தேதி இனப்படுகொலை நடக்கிறது என்று டிவிக்குப் பேட்டி கொடுத்தார். சில மணி நேரத்தில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அந்த ஒரு நகரத்தில் மட்டும் 10,000 முதல் 15,000 பேர் இறந்திருக்கலாம் என்கிறது ஐ.நா. நிபுணர் குழு. தப்பியவர்கள் எல்லை தாண்டி சாட்டில் அத்ரே என்ற சின்ன ஊருக்குப் போனார்கள். இதைப் பதவிச் சண்டை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

முன்னாள் கிளர்ச்சியாளர்கள் விஷயம்: மின்னி மின்னாவி போன்றவர்கள் 2020 அக்டோபரில் ஜுபா அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அரசில் பங்கு வாங்கினார்கள். போர் தொடங்கியபோது நடுநிலை என்றார்கள். ஆர்.எஸ்.எஃப் டார்ஃபூர் நகரங்களை நியாலா, ஸாலிங்கே, அல்-ஜெனீனா என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, மிச்சம் அல்-ஃபாஷிர் மட்டும் என்று ஆனதும், 2023 நவம்பரில் ராணுவத்தின் பக்கம் வந்தார்கள். அந்த நகரத்திலும் பக்கத்து ஸம்ஸம் முகாமிலும் இருந்தவர்களில் ஏராளமானோர் 2003-ல் ஊரை இழந்து வந்த ஸகாவா, ஃபூர் மக்கள், அதாவது இவர்களுடைய சொந்த ஜனங்கள். ராணுவத்தின் மேல் நம்பிக்கை வந்து சேரவில்லை, ஆர்.எஸ்.எஃப் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் சேர்ந்தார்கள்.

நிலாமுற்றம்:

இவ்வளவு பேசியும் சாதாரண மக்களைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லையே. 2018 டிசம்பரில் அத்பரா என்ற ரயில்வே ஊரில் ரொட்டி விலை ஒரு பவுண்டிலிருந்து மூன்றாக ஏறியபோது தொடங்கியது அந்தக் கிளர்ச்சி. பெண்கள், டாக்டர்கள், வாத்தியார்கள், பேட்டைக்குப் பேட்டை எதிர்ப்புக் குழுக்கள் என்று நான்கு மாதத்தில் 30 வருட ஆட்சியை இறக்கினார்கள். பஷீர் போன பிறகும் கலையாமல் கார்ட்டூமில் ராணுவத் தலைமையகம் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், சிவிலியன் ஆட்சி வேண்டும் என்று. 2019 ஜூன் 3 அதிகாலை ஆர்.எஸ்.எஃப் தலைமையில் படைகள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள், உடல்களை நைலில் வீசினார்கள். இன்று எதிரிகளாக நிற்கும் இரண்டு தளபதிகளும் அன்று ஒரே ராணுவ ஆட்சிக் கவுன்சிலில் தலைவரும் துணைத் தலைவரும். இந்தத் தேதியைத் தெரிந்துகொண்டால் யாருக்கு எதிராக இருவரும் சேர்ந்தார்கள் என்பது விளங்கும்.

அந்தப் பேட்டைக் குழுக்களிலிருந்து வந்தவர்கள்தான் போர் தொடங்கியதும் ‘அவசர உதவி அறைகள்’ என்று அமைத்து, பெரிய நிவாரண அமைப்புகள் நுழைய முடியாத இடங்களில் பொதுச் சமையல் நடத்துகிறார்கள். இரண்டு பக்கமும் அவர்களைப் பிடித்து அடைக்கிறது, சிலரைக் கொன்றும் இருக்கிறார்கள். 2025-ல் நார்வேயின் ராஃப்டோ பரிசு அவர்களுக்குக் கிடைத்தது, நம் ஊர்ப் பத்திரிகைகளில் நான் பார்த்தவரை ஒரு வரி வரவில்லை.

கடலோடி:

நிலாமுற்றம், இதை எழுதியதற்கு நன்றி. மேகமலை சொன்னதையும் ஏற்கிறேன், தங்கம் இல்லாமல் இந்தப் போர் இவ்வளவு நீண்டிருக்காது.

வைப்பாறு, இனிமேல் செய்தி படிக்கும்போது வரைபடத்தில் அல்-உபைத் நகரத்தைப் பாருங்கள். டார்ஃபூரிலிருந்து கார்ட்டூமுக்குப் போகும் சாலை அதன் வழியாகத்தான், உலகத்துக்கே கருவேல இனத்துப் பிசின் போகும் பெரிய சந்தையும் அதுதான். 2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடித்தது, அக்டோபரில் டார்ஃபூரை முழுக்க ஆர்.எஸ்.எஃப்-இடம் இழந்தது என்றே சொல்லலாம், அதனால் சண்டையின் எடை நடுவில் அல்-உபைத் இருக்கும் கொர்டோஃபான் பகுதிக்கு வந்துவிட்டது.

இன்னொன்று, ராணுவம் இப்போது யாரைப் பக்கத்தில் சேர்க்கிறது என்று கவனியுங்கள். அபு அக்லா கைகல் என்ற தளபதி ஜெசீராவில் ஆர்.எஸ்.எஃப்-க்காகப் போரிட்டவர். 2024 அக்டோபரில் ராணுவத்தின் பக்கம் தாவினார், அதற்குப் பழிவாங்க ஆர்.எஸ்.எஃப் கிழக்கு ஜெசீரா கிராமங்களைச் சூறையாடியது. அவர் இன்று தன் ஆட்களோடு ராணுவத்தின் கூட்டாளி. பஷீர் கால இஸ்லாமியக் கட்சியோடு தொடர்புள்ள இளைஞர் படைகளும் பக்கத்தில் நிற்கின்றன. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித் தலைவர், தனி ஆயுதம். 2025 செப்டம்பரில் அமெரிக்கா, சவூதி, எகிப்து, அமீரகம் நான்கும் சேர்ந்து மூன்று மாதப் போர்நிறுத்தம் கேட்டன. அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள், கையெழுத்துப் போட்டவர்களில் எகிப்தும் அமீரகமும் எந்தப் பக்கம் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.