சூப்பர்நோவா வெடிக்கறதுக்கு முன்னாடியே அணுக்கருவை அளந்து வைக்கணுமா, தேவையில்லையா?

மின்மினி:
"நியூட்ரினோ அணுக்கருவுல மோதறதை லேப்ல உக்காந்து அளக்கறது வேஸ்ட், நட்சத்திரம் வெடிக்கும்போது டிடெக்டர்ல விழறதை எண்ணினா போதும்"னு ஒருத்தர் நேத்து எழுதியிருந்தார், அதுக்குத்தான் இந்த இழை. நியூட்ரினோங்கறது எதுலயும் லேசுல மோதாத குட்டித் துகள், நட்சத்திரம் வெடிக்கும்போது, அதாவது சூப்பர்நோவால, ஏராளமா கிளம்பும். ஆனா எண்ணினா மட்டும் போதாதுங்க. 1987 பிப்ரவரி 23-ல பெரிய மெகல்லானிய மேகம்ங்கற பக்கத்து கேலக்ஸில ஒரு நட்சத்திரம் வெடிச்சப்போ காமியோகாண்டே, ஐஎம்பி, பக்சான்ங்கற மூணு டிடெக்டர்லயும் சேர்த்து மாட்டினது சுமார் 25 நியூட்ரினோ, ஆனா அங்கேருந்து கிளம்பினது ஒண்ணுக்குப் பின்னாடி 58 சைபர் போடற எண்ணிக்கை. இந்த 25-ஐ வெச்சு அந்த எண்ணுக்குப் போய்ச் சேரணும்னா, ஒரு நியூட்ரினோ டிடெக்டர்ல இருக்கற அணுவுல மோத எவ்வளவு வாய்ப்பு, அதாவது கிராஸ் செக்‌ஷன், கையில இருக்கணும்.

கணக்குப்பிள்ளை:
அந்த 1987 உதாரணமே உங்களுக்கு எதிராத்தான் நிக்குது. காமியோகாண்டேவும் ஐஎம்பியும் தண்ணி டிடெக்டர். தண்ணில எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோ (எலக்ட்ரான் நியூட்ரினோங்கற வகையோட எதிர்த்துகள்) ஹைட்ரஜனோட புரோட்டானை அடிச்சா பாசிட்ரானும் நியூட்ரானும் வரும், அந்த கிராஸ் செக்‌ஷன் நியூட்ரான் சிதைவை வெச்சே ரொம்பத் துல்லியமா தெரியும். இப்ப சூப்பர் காமியோகாண்டேல 50,000 டன் தண்ணி இருக்கு, நம்ம கேலக்ஸில ஒண்ணு வெடிச்சா ஆயிரக்கணக்குல மாட்டும். இன்னொண்ணு, நட்சத்திரத்தோட நடுப்பகுதி, அதாவது கோர், சரிஞ்சு கிளப்பற ஷாக் வேவ் பாதில நின்னுபோகும், அதுக்கு மறுபடி சூடு ஏத்தறது தனித்தனியா கிடக்கற நியூட்ரானும் புரோட்டானும் நியூட்ரினோவை உறிஞ்சறதாலதான், அந்த இடத்துல இரும்பு அணுக்கருவெல்லாம் உடைஞ்சே போயிருக்கும். அப்ப அணுக்கரு எங்க வந்துச்சு?

மின்மினி:
ஷாக் விஷயத்துல நீங்க சொன்னது சரி, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முந்தின கட்டத்தைப் பாருங்க. கோர் உள்ள விழுந்துட்டு இருக்கும்போது அணுக்கரு உடையல, அங்க நியூட்ரினோ முழு அணுக்கருவையும் ஒரே பொருளா நினைச்சு மோதித் தெறிக்குது, அப்படி மோதற வாய்ப்பு நியூட்ரான் எண்ணிக்கையோட வர்க்கத்துக்கு ஏத்தபடி ஏறுது. அதனாலதான் பூமியையே துளைச்சுட்டுப் போற நியூட்ரினோ அந்த கோருக்குள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரத் தவிக்குது. இயற்பியலாளர் ஃப்ரீட்மேன் 1974-ல இதைக் கணிச்சப்பவே நட்சத்திரம் சரியறதுல இது முக்கியமா இருக்கலாம்னு எழுதினார், இதை லேப்ல பார்க்கலாம்னு சொல்றதே மிஞ்சின துணிச்சலா இருக்கலாம்னும் சேர்த்தே எழுதினார். பார்க்க 43 வருஷம் ஆச்சு. 2017-ல அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் லேப்ல கோஹெரன்ட்ங்கற ஆராய்ச்சிக் குழு 14.6 கிலோ சீசியம் அயோடைடு படிகத்துல பிடிச்சாங்க. ஆக்சிலரேட்டர் பாதரசத்தை விநாடிக்கு 60 தடவை அடிக்குது, அதுலேருந்துதான் நியூட்ரினோ வருது, கீழ் தளத்துல ஒரு நடைபாதை மாதிரி இடம், அங்க டிடெக்டர். அணுக்கருவுக்குக் கிடைக்கறது ஒரு சின்னத் தள்ளு, அந்தத் தள்ளுல படிகத்துல ஒரு மினுக்கு, அவ்வளவுதான் சிக்னல். மாசக்கணக்கா உக்காந்து தேறினது சுமார் 134 மோதல்.

நீலவானம்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அந்த 134-உம் தியரி சொன்னதோட ஒத்துத்தானே போச்சு? அப்ப தியரியையே நம்பிட்டுப் போகலாமே, ஒவ்வொரு தனிமத்தையும் எதுக்கு அளக்கணும்?

அணுத்துளி:
ஒத்துப்போனது தெறிச்சுப் போற கேஸ்ல மட்டும்தான் நண்பா. நியூட்ரினோ அணுக்கருவையே வேற தனிமமா மாத்தற கேஸுக்கு வாங்க, அங்க கதையே வேற. அதே குழு அதே நடைபாதைல ஈயத்தை வெச்சு, நியூட்ரினோ பட்டு நியூட்ரான் எத்தனை வருதுன்னு எண்ணினப்போ மாடல் சொன்னதுல மூணுல ஒரு பங்குகூட முழுசா வரல. அயோடினும் கணக்கை விடக் குறைச்சலாத்தான் வந்துச்சு. கனடாவோட சட்பரில பூமிக்கு அடில ஹேலோனு ஒரு டிடெக்டர், சூப்பர்நோவாவுக்காகவே 79 டன் ஈயத்தை வெச்சுக்கிட்டு காத்துட்டு இருக்காங்க, நாளைக்கே வெடிச்சு அதுல 20 நியூட்ரான் வந்துச்சுன்னு வைங்க, பழைய மாடலை நம்பினா ஒரு நட்சத்திரம், புது அளவை நம்பினா அதைவிட மூணு மடங்கு நியூட்ரினோ கொட்டின நட்சத்திரம். எதை நம்புவீங்க?

கணக்குப்பிள்ளை:
ஈயம் கதை எனக்குப் புதுசு, அது உறுத்துது. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு, நல்லாத் தெரிஞ்ச தண்ணி கையில இருக்கும்போது தெரியாத ஈயத்தையும், இப்ப சிலர் டிடெக்டர்ல நிரப்பற ஆர்கானையும் எதுக்குத் தூக்கணும்?

மின்மினி:
தண்ணி பெரும்பாலும் எதிர் எலக்ட்ரான் நியூட்ரினோவைத்தான் காட்டும். கோர் இறுகின உடனே, புரோட்டானெல்லாம் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானா மாறும்போது, சில பத்து மில்லி விநாடிக்குள்ள பீறிட்டு வர்றது எலக்ட்ரான் நியூட்ரினோ. நட்சத்திரத்தோட சாவு ஆரம்பிக்கற அந்தக் கணத்தைப் பார்க்க ஆர்கான்தான் சரி. அமெரிக்காவோட சவுத் டகோட்டால ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்துல டியூன்ங்கற ஆர்கான் டிடெக்டரைக் கட்டறது இதுக்கும் சேர்த்துத்தான். ஆர்கான்-40 எலக்ட்ரான் நியூட்ரினோவை வாங்கிட்டு பொட்டாசியம்-40 ஆகுது, ஒரு எலக்ட்ரான் கிளம்புது, கூடவே காமா கதிரும் வரும், சில சமயம் ஒரு நியூட்ரான் கொஞ்சம் எனர்ஜியை எடுத்துட்டுக் கண்ணுல படாம ஓடிடும். எத்தனை தடவை ஓடும்னு தெரியாம நியூட்ரினோவோட எனர்ஜியை எப்படிச் சொல்வீங்க?

கணக்குப்பிள்ளை:
சரி, ஆர்கானை அளக்கணும், விட்டுக் கொடுக்கறேன். ஆனா நீங்க அளக்கற இடத்துல பாதரசத்துலேருந்து எத்தனை நியூட்ரினோ வருதுங்கறதுலயே 10 சதவீதம் சந்தேகம் இருக்கு. அளவுகோலே ஆடினா அளந்ததும் ஆடும். இதுக்குப் பதில் சொல்லாம துல்லியம்னு பேசக்கூடாது.

அணுத்துளி:
இது நியாயமான அடி. அதனாலதான் அதே நடைபாதைல கனநீர் டிடெக்டர் ஒண்ணை வைக்கறாங்க. கனநீர்ல ஹைட்ரஜனுக்குப் பதிலா இருக்கற டியூட்டீரியத்தோட அணுக்கருவுல ஒரு புரோட்டான், ஒரு நியூட்ரான் மட்டும்தான், கணக்கு சில சதவீதப் பிழைக்குள்ள அடங்கிடும். முதல்ல அதை வெச்சு எத்தனை நியூட்ரினோ வருதுன்னு நிர்ணயம் பண்ணிட்டு அப்புறம் மத்த தனிமங்களுக்குப் போறது.

கணக்குப்பிள்ளை:
அப்ப வரிசையை மாத்திச் சொல்லியிருக்கணும் நீங்க. முதல்ல கனநீர், அப்புறம் ஆர்கான். இந்த வரிசைல போனா எனக்கு ஆட்சேபணை இல்ல. சீசியம் படிகத்தை இன்னும் பெருசாக்கறதைப் பத்தி மட்டும் தனியா சண்டை போடுவேன்.

மின்மினி:
போடுங்க, அதுக்குத் தனி இழை திறக்கறேன். நம்ம கேலக்ஸில வெறும் கண்ணுக்குத் தெரிஞ்ச கடைசி சூப்பர்நோவா 1604-ல, அடுத்தது இன்னைக்கு ராத்திரியும் வரலாம், வந்தா நியூட்ரினோ சில பத்து விநாடிதான் கொட்டும், ஆர்கான் அளவு அதுக்கு முன்னாடி கையில இருக்கணும்னுதான் எனக்குத் தவிப்பு.