கெஞ்சி ஊட்டுவதா, பிள்ளையின் போக்கில் விடுவதா?

குட்டியின்அம்மா:
என் மகனுக்கு மூன்று வயது. ஒரு வயது வரை எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டவன், இப்போது காய் என்றாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். நேற்று அரை மணி நேரம் கெஞ்சி ஊட்டிய பீன்ஸைக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிட்டான். "காய் சாப்பிட்டால் சாக்லேட்" என்று சொன்னால்தான் இரண்டு வாயாவது இறங்குகிறது. பசித்தால் தானே கேட்பான், விட்டுவிடு என்கிறார் அக்கா. எனக்கு மனசு கேட்கவில்லை.

இருமகள்அப்பா:
அக்கா சொல்வதுதான் சரி. முதல் வருடத்தில் குழந்தையின் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அப்புறம் அந்த வேகம் இருக்காது, பசியும் குறையும். போதாததற்கு, 2 வயதிலிருந்து 6 வயது வரை பழகாத உணவைக் கண்டு மிரள்வதும் சகஜம். சாக்லேட் ஆசை காட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். காய் கஷ்டம், சாக்லேட்தான் பரிசு என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றவர் கையில். சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் கையில். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த முறை இது.

பேத்திகளின்பாட்டி:
தம்பி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் பேத்தியை அப்படி விட்டுத்தான் பார்த்தோம். பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு சாப்பாட்டைத் தொடவே மாட்டாள். கடைசியில் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்து, பாலைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். தனக்கு எது நல்லது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியுமா?

இருமகள்அப்பா:
அம்மா, பால் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது. ஆனால் அந்த அளவை வைப்பது நம் வேலைதானே? 1920களில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர், தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளைத் தங்கள் விருப்பப்படி சாப்பிட விட்டார். நன்றாகவே வளர்ந்தார்கள். அவர் வைத்த தட்டுகளில் இனிப்பே கிடையாது, அதுதான் முக்கியம்.

பேத்திகளின்பாட்டி:
சரி, இனிப்பு வேண்டாம். ஆனால் ஒரு வாய் ருசி பார்க்கக்கூடச் சொல்லாவிட்டால் எப்படிப் பிடிக்கும்? அந்த ஒரு வாயை நான் விடமாட்டேன்.

இருமகள்அப்பா:
அந்த ஒரு வாய்க்குத்தான் எங்கள் வீட்டில் தினமும் அழுகை. பிறகு வேகவைத்த கேரட் ஒரே ஒரு துண்டு, சின்னவள் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு நாங்கள் பாட்டுக்குச் சாப்பிட்டோம். முதலில் தள்ளிவிட்டாள். சில நாள் கழித்து விரலால் நசுக்கினாள், அப்புறம் நக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு ஒருநாள் தானே எடுத்துக் கடித்தாள். அன்றைக்கு நாங்கள் கைகூடத் தட்டவில்லை, அவளைப் பார்க்காத மாதிரியே இருந்தோம்.

குட்டியின்அம்மா:
பன்னிரண்டு தடவையா! நான் மூன்றாவது தடவையிலேயே இது பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுவேன். இன்று இரவு சாக்லேட் பேச்சை எடுக்காமல் பார்க்கிறேன்.

பேத்திகளின்பாட்டி:
பாரும்மா. எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ மட்டும் காத்திருக்காதே, டாக்டரிடம் காட்டிவிடு. ஒரு வாய் விஷயத்தில் தம்பியோடு எனக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை.