பொருள்: ‘டெரிட்டரி’க்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘நார்த்வெஸ்ட் டெரிட்டரி’யில் மூன்று நாளாக நிற்கிறேன். ஒஹாயோ ஆற்றுக்கு வடமேற்கே, மிசிசிப்பி வரையும் பேரேரிகள் வரையும் விரிந்த நிலத்துக்கு 1787 ஜூலை 13 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அந்த நிலம் மாநிலம் அன்று. ஆனால் மாநிலமாகப் போவது. முதலில் காங்கிரஸ் அமர்த்தும் ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் தேர்ந்தெடுத்த பேரவை உண்டு. சுதந்திரக் குடிகள் 60,000 ஆனால் மாநிலமாகலாம். ‘வடமேற்குப் பகுதி’ என்று எழுதினால் இதில் எதுவும் தெரியவில்லை. மேலும், அடுத்த பத்தியிலேயே ‘பகுதி’ சாதாரணப் பொருளில் நான்கு முறை வருகிறது.

சு.

*

சு. அவர்களுக்கு,

புதிதாகப் படைப்பானேன்? இந்திய அரசமைப்பின் தமிழாக்கத்தில் ‘ஆட்சிநிலவரை’ இருக்கிறது. புதுச்சேரி ‘ஒன்றியத்து ஆட்சிநிலவரை’. நடுவண் அரசு அமர்த்தும் துணைநிலை ஆளுநர், மாநிலத் தகுதி கேட்டுத் தீர்மானங்கள் என்று பொருளிலும் நெருக்கம்தான். புதுச்சேரிக்காரர்கள் ‘யூனியன் பிரதேசம்’ என்றுதான் சொல்வார்கள், தெரியும். சட்டச் சொல்லைச் சட்டத்திலிருந்து எடுப்பதே முறை.

வழக்கறிஞர் ம.

*

‘வடமேற்கு ஆட்சிநிலவரைப் பேரவை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அம்மா. இலங்கையில் நாங்கள் ‘ஆட்புலம்’ என்று எழுதுவோம். ‘ஆட்புல ஒருமைப்பாடு’ செய்தித்தாளில் நாளும் வருகிறது. ஐந்து எழுத்தில் முடிந்துவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, க.

*

அன்பர்களே,

க. தம்பியின் சொல் அழகு, புணர்ச்சி பிழை. ‘ஆள்’ பெயர்ச்சொல்லாக நின்றால்தான் ‘ஆட்’ ஆகும்: ஆட்பலம், ஆட்கொணர்வு மனு. அந்தக் கணக்கில் ஆட்புலம் என்பது ஆட்கள் நடமாடும் புலம். சந்தைத் திடலுக்கும் பொருந்தும். ஆளுகிற நிலம் என்றால் வினைத்தொகை. வினைத்தொகையில் ளகரம் திரியாது. கொள்கலம் என்கிறோம், கொட்கலம் என்பதில்லை. ஆகவே ‘ஆள்புலம்’. இதில் ஒரு நயம் பாருங்கள்: ஆண்ட, ஆள்கின்ற, ஆளும் என்று முக்காலமும் அதற்குள் ஒடுங்கியிருக்கிறது. 1787இல் காங்கிரஸ் பெற்றிருந்தது எதிர்காலம் மட்டுமே அல்லவா?

இலத்தீனையும் விடுவானேன். ‘டெரிட்டோரியும்’ நிலத்தைக் குறிக்கும் ‘டெரா’விலிருந்து வந்தது என்பார்கள். ரோமானியச் சட்ட அறிஞர் பொம்போனியுஸ் வேறு சொன்னார்: அது ‘அச்சுறுத்து’ என்னும் வினையின் வழி வந்தது, அதிகாரி தன் எல்லைக்குள் மக்களை மிரட்டி விலக்கலாம் என்பதால். மொழியியலார் பெரும்பாலும் ஏற்பதில்லை. எனக்கு அவர் சொல்வதுதான் பிடித்திருக்கிறது.

இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் பட்டினப்பாலை கரிகாலனைப் பற்றிச் சொல்வது ‘காடு கொன்று நாடாக்கி’. அதைக் கொண்டு ‘நாடாகுநிலம்’ என்று ஆக்கலாம். பத்து ஆண்டுகளாக இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறேன்.

புலவர் இரா.

*

புலவர் ஐயாவுக்கு வணக்கம். நான் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துபவள்.

அங்கே கொல்லக் காடு மட்டும் இருக்கவில்லை. மயாமி, ஷானி, டெலவேர் மக்களின் ஊர்களும் சோளக் கொல்லைகளும் இருந்தன. அவர்களைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே நாடு. நாடாகுநிலம் என்று நான் கரும்பலகையில் எழுதினால், அதுவரை ஒன்றுமில்லாத இடம் என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள்.

‘ஆட்சி’ மட்டும் சரியா? ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் படையோடு போனார். 1791 நவம்பர் 4 அன்று வபாஷ் ஆற்றங்கரையில் மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானித் தலைவர் புளூ ஜாக்கெட்டும் அந்தப் படையை நொறுக்கினார்கள். படைவீரர் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அன்றைக்கு அந்தப் புலத்தை ஆண்டது யார்? அதே 1787 சட்டம், பழங்குடியினர் நிலத்தை அவர்கள் இசைவின்றி எடுப்பதில்லை என்றும் எழுதிவைத்தது. 1795இல் கிரீன்வில் ஒப்பந்தத்தில், பின்னால் நடந்த போரில் தோற்ற பிறகு, இன்றைய ஒஹாயோவின் பெரும்பகுதியை அவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் இசைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

காங்கிரஸ், செனட் எல்லாம் அப்படியே இருக்கும்போது ‘டெரிட்டரி’ மட்டும் என்ன பாவம் செய்தது? அடைமொழி ஒன்றும் ஒட்டாமல், வந்தவர்கள் வைத்த பெயராகவே நிற்கட்டும்.

வே.

*

அப்படிப் பார்த்தால் கலைச்சொல் குழுவே வேண்டாம் என்றாகிவிடும். சட்டச் சொல் உரிமைகோரலைத்தான் குறிக்கும். உண்மையில் ஆண்டார்களா என்பது வரலாற்றாசிரியர் கவலை. — ம.

*

இடையில் ஒரு ஐயம். அதே நிலத்தை 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு மைல் சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 36 கட்டங்களாக்கி, 16ஆம் கட்டத்தைப் பள்ளிக்கு ஒதுக்கினார்களே, அந்த ‘டவுன்ஷிப்’புக்கு என்ன எழுதுவது? — சு.

*

கூற்றம்! சோழர் காலத்து நிலப்பிரிவின் பெயர். — இரா.

*

ஐயா, கூற்றம் என்றால் என் மாணவர்களுக்கு எமன்தான் நினைவுக்கு வருவான். — வே.

*

டவுன்ஷிப்புக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே வேண்டாம். — மட்டுறுத்துநர்

*

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். ‘ஆட்சிப்புலம்’ என்று போட்டுவிட்டேன். க., ம. இருவரும் தனி மடலில் சரி என்றார்கள், ம. அம்மா ‘வேறு வழியில்லாமல்’ என்று சேர்த்துக்கொண்டார். ‘ஆட்சிப்புல ஆளுநர்’, ‘ஆட்சிப்புலப் பேரவை’ இரண்டும் நாக்கில் இடறவில்லை. ‘1803இல் ஒஹாயோ ஆட்சிப்புல நிலை நீங்கி மாநிலமாயிற்று’ என்ற வரியும் உட்கார்ந்துவிட்டது. வே. சொன்னதை அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன். இடம் இல்லாததால் வபாஷ் போர் மட்டும் நின்றது, ஒப்பந்தம் போய்விட்டது.

சு.

*

ஒப்பந்தத்தை விட்டுவிட்டுப் போரை மட்டும் வைத்தால் அவர்கள் வென்றதாக அல்லவா முடியும்? வகுப்பில் நான் டெரிட்டரி என்றே சொல்லப்போகிறேன். — வே.

*

சு. தம்பிக்கு,

ஆட்சி என்று பெயராக்கியதும் முக்காலமும் போயிற்று. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கூற்றம் பற்றிய தனி இழையை நான் இன்று இரவே தொடங்குகிறேன்.

இரா.