லெடெக்கி: 400-ல் தோற்றும் 800-ல் முன்னால் நிற்பது எப்படி?

அலைவாய் கேட்டது:
அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் 200, 400, 800 மீட்டர் மூன்றிலும் தங்கம் வென்றார். டோக்கியோவில் 400-ல் ஆஸ்திரேலியாவின் அரியார்ன் டிட்மஸிடம் தோற்றார், 200-ல் ஐந்தாம் இடம். பாரிஸில் 400-ல் வெண்கலம்தான். ஆனால் 800-ல் மட்டும் 2012 லண்டன் தொடங்கித் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம்! தூரம் கூடினால் மற்றவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள்? இன்னொரு கேள்வி: அவருடைய தாவிச் செல்லும் ஸ்ட்ரோக்கை (கைவீச்சை) நீண்ட தூரம் பழகுபவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எட்டாம் லேன்:
நேரங்களை வகுத்துப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. அவருடைய 800 உலக சாதனை 8:04.12 (2025 மே, ஃபோர்ட் லாடர்டேல்). 16 நீளத்துக்குப் பிரித்தால் 50 மீட்டருக்குச் சராசரி 30.26 விநாடி. 1500 சாதனை 15:20.48 (2018, இண்டியானாபோலிஸ்). 30 நீளம், சராசரி 30.68. தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் ஒரு நீளத்துக்கு அரை விநாடிகூடக் கூடவில்லை. அவருடைய பலம் இதுதான்.

400-ல் எதிராளி ஒட்டியே வந்து, கடைசி 100-ல் மிச்சமிருக்கும் வேகத்தைக் காட்டலாம். டோக்கியோவில் டிட்மஸ் செய்தது அதுதான். 800-ல் அந்த உத்தி பலிப்பது கடினம். முதல் 300-க்குள்ளேயே லெடெக்கி தரும் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்தவர்கள் 500 தாண்டியதும் தளர்ந்துவிடுகிறார்கள். வயதோடு அவருடைய குறுந்தூர வேகமும் குறைந்துவிட்டது.

நீர்க்கோடு:
@எட்டாம் லேன், கடைசி வரியை ஏற்க முடியவில்லை. ரியோவில் அவருடைய 400 நேரம் 3:56.46. நீங்கள் சொன்ன அதே 2025 ஃபோர்ட் லாடர்டேல் போட்டியில் 3:56.81. ஒன்பது ஆண்டுகளில் 0.35 விநாடி வித்தியாசம். பாரிஸின் 4:00.86 மந்தமான நேரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாறியது பெரும்பாலும் எதிரணி: கனடாவின் சம்மர் மெக்கின்டாஷ் 2025 ஜூனில் 3:54.18 நீந்திவிட்டார். டோக்கியோ 200-ஐப் பேசும்போது இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த இறுதிப் போட்டியும் 1500 இறுதியும் ஒரே காலையில் நடந்தன. பாரிஸில் 200 தனிநபர் போட்டியையே விட்டுவிட்டார்.

800-லும் இனி எளிதல்ல. 2025 சிங்கப்பூர் உலகப் போட்டியில் அவர் 8:05.62, ஆஸ்திரேலியாவின் லானி பாலிஸ்டர் 8:05.98.

கைவீச்சு:
ஸ்ட்ரோக் பற்றி மட்டும் சொல்கிறேன். வலப்பக்கம் மூச்செடுக்கும்போது இடக்கை முன்னால் சற்று அதிக நேரம் நீண்டு நிற்கும்; அடுத்து வலக்கை சட்டென்று உள்ளே இறங்கும். தாளம் சமமில்லாததால்தான் தாவுவதுபோல் தெரிகிறது. பழகுபவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடமும் அந்த நீண்ட இடக்கைதான். அது முழங்கை விறைத்து நேராக நின்றால் உடல் அழுந்தி, வேகம் அறுந்துவிடும். உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பினால் தண்ணீரைப் பிடிக்கவே முடியாது. தோளும் வலிக்கத் தொடங்கும்.

முதலில் இருபக்க மூச்சில் 8×50 நீந்தி, ஒவ்வொன்றிலும் ஸ்ட்ரோக்கை எண்ணுங்கள். முதலாவதைவிட எட்டாவதில் இரண்டுக்கு மேல் கூடினால் அடிப்படை இன்னும் நிற்கவில்லை, தாவும் ஸ்ட்ரோக் இப்போது வேண்டாம். எண்ணிக்கை நிலையானபிறகு 25 மீட்டர் மட்டும் முயன்று பார்க்கலாம்.

அலைவாய்:
நன்றி! அந்தச் சமவேகத்தை எப்படிப் பழகுவது? 800-க்கு 10:40 இலக்கு என்று வைத்துக்கொள்வோம்.

எட்டாம் லேன்:
@நீர்க்கோடு, 3:56.81-ஐ வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி.

@அலைவாய், 10:40 என்றால் 100-க்கு 1:20. 10×100 நீந்துங்கள், ஒவ்வொன்றும் 1:20, இடையில் 15 விநாடி ஓய்வு. வேகமானதற்கும் மெதுவானதற்கும் ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி வந்தால் அடுத்த முறை 1:22-ல் தொடங்குங்கள். பலரும் முதல் மூன்றை 1:16-ல் முடித்துவிட்டு ஏழாவதில் 1:25-க்கு விழுகிறார்கள். போட்டியில் டைவ் இருப்பதால் முதல் 100 1:17, 1:18 வரலாம். அதைவிட வேகமாகப் போனால் பின்னால் அடைக்க வேண்டிய கடன்தான். சுவர்த் திருப்பத்தையும் விடாதீர்கள். 50 மீட்டர் குளத்தில் 800-க்கு 15 திருப்பம். ஒவ்வொன்றிலும் 0.3 விநாடி போனால் மொத்தம் 4.5 விநாடி.

கைவீச்சு:
திருப்பத்துக்கு முந்தைய ஸ்ட்ரோக்கில் மூச்செடுக்காமல் உள்ளே போங்கள். அந்த 0.3 பெரும்பாலும் அங்கேதான் தொலைகிறது.